அரை மில்லிமீட்டருக்கு ஓர் அட்டை மாத்திரை

“மூணு, ரெண்டு, மூணு. மூணு, ரெண்டு, நாலு. அஞ்சு, நாலு, ஆறு.”

பல் டாக்டர் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். பக்கத்தில் நின்ற பெண் அட்டவணையில் குறித்துக்கொண்டே வந்தார். வாயைத் திறந்து படுத்திருந்த எனக்கு ஏதோ ஏலம் நடப்பது போல இருந்தது. மில்லிமீட்டர் கோடு போட்ட, நுனி மழுங்கிய மெல்லிய கம்பி ஒன்று. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெல்ல இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடங்கள். 3 வரை போனால் கவலையில்லை. 4 என்றால் ஈறு பல்லை விட்டு விலகி, அங்கே ஒரு சிறு பை விழ ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். 6 என்றால் அந்தப் பையின் அடிக்கு நீங்கள் எந்த பிரஷ்ஷை வாங்கினாலும் அது எட்டாது.

எனக்கு வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் மூன்று இடங்களில் 6.

இரண்டு வருடத்துக்கு முன்பு வீங்கியதும் அதே இடம்தான். அப்போது டாக்டரிடம் போகவில்லை. தெருமுனை மருந்துக்கடையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமலே அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி ஆறு மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. மிச்சம் இரண்டை மேசை டிராயரில் போட்டுவிட்டு மறந்துபோனேன். நோய் என்னை மறக்கவில்லை என்பது இப்போது அந்தக் கம்பி சொல்லித்தான் தெரிகிறது.

மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு தடவையாக, ஈறுக்கு அடியில் வேர் வரை சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். எல்லாம் முடிந்து எழுந்தபோது, “ஆன்டிபயாட்டிக் ஒண்ணும் எழுதலையா டாக்டர்?” என்று கேட்டேன். பல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மாத்திரை இல்லாமல் வந்தால் நமக்கெல்லாம் ஏதோ குறைவது போல இருக்குமே.

“உங்களுக்கு வேண்டாம் சார்” என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ‘உங்களுக்கு’ மனதில் நின்றது. அப்படியானால் வேறு யாருக்கோ வேண்டும். யாருக்கு, ஏன், எவ்வளவு பயன் என்று தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இது.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். பல்லின் மேல் ஒட்டும் வெள்ளைப் படலம் வெறும் சோற்றுப் பசை இல்லை. கோடிக்கணக்கான பாக்டீரியா ஒன்றோடொன்று பிணைந்து, தாங்களே சுரக்கும் பிசினுக்குள் கட்டிக்கொண்ட குடியிருப்பு அது. பையோஃபிலிம் என்பார்கள். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். நல்ல ஈறு உள்ள 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிட்டது. ஈறு வீக்கத்துக்குப் படலம்தான் காரணம் என்று நிலைநாட்டிய சோதனை இது. இவ்வளவு எளிமையாக ஒரு மருத்துவ உண்மை நிரூபணமானது அபூர்வம் என்று நினைக்கிறேன்.

படலத்தை அப்படியே விட்டால் உமிழ்நீரில் உள்ள கால்சியம் படிந்து காரையாக இறுகுகிறது. காரையின் சொரசொரப்பில் இன்னும் படலம் ஒட்டும். கிருமிகளை எதிர்க்க உடல் அனுப்பும் வெள்ளணுக்கள் அங்கே நடத்தும் போரில், பல்லைத் தாடையோடு கட்டி வைத்திருக்கும் நாரும் எலும்பும்கூடக் கரைகின்றன. ஈறு விலகுகிறது, பை ஆழமாகிறது, பல் ஆட்டம் காண்கிறது. வெறும் ஈறு வீக்கம் என்ற கட்டத்தைத் தாண்டிய இந்த நிலைக்குப் பெரியோடான்டைட்டிஸ் என்று பெயர். பெரும்பாலும் வலி இருக்காது. துப்பும்போது கொஞ்சம் ரத்தம், காலையில் வாய் நாற்றம். அவ்வளவுதான் முன்னறிவிப்பு. கரைந்த எலும்பு தானாக முன்போல வளர்ந்துவிடாது.

ஆனால் படலம் இருக்கும் எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. இதைக் காட்டியதில் நம் ஆட்களுக்கு ஒரு பங்கு உண்டு. அதே லோ 1970இல் இலங்கை மலையகத்துக்கு வந்தார். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த, 14 முதல் 31 வயது வரையான 480 ஆண்களைப் பரிசோதித்தார். மலையகத் தமிழர்கள். பல் துலக்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை, பல் மருத்துவம் என்பதும் எட்டாத ஒன்று. எல்லார் வாயிலும் படலமும் காரையும் நிறைந்திருந்தன, ஈறு ஏறக்குறைய எல்லா இடத்திலும் வீங்கியிருந்தது. பதினைந்து வருடம் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். 1986இல் வந்த முடிவு இதுதான்: 8 சதவீதம் பேருக்கு நோய் வெகுவேகமாக ஓடியது, 81 சதவீதம் பேருக்கு நிதானமாக, மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 35 வயதில் வேகக்காரர்களின் பற்கள் சராசரியாக 9 மில்லிமீட்டர் பிடிமானத்தை இழந்திருந்தன. நிதானக்காரர்களுக்கு 4. கடைசிக் குழுவுக்கு 1 மில்லிமீட்டருக்கும் குறைவு.

ஒரே மலை, ஒரே சாப்பாடு, ஒரே அளவு அழுக்கு. இருந்தும் இவ்வளவு வித்தியாசம். (கண் முன்னே பல் விழுந்துகொண்டிருந்தவர்களை இத்தனை வருடம் அளந்துகொண்டே இருந்தது சரியா என்ற கேள்வி எனக்குப் படிக்கும்போதே எழுந்தது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு லேசில் கையெழுத்துப் போடாது.) அந்த 8 சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாட்டிக் விவாதம் முழுக்க அவர்களைச் சுற்றித்தான் நடக்கிறது.

கிருமிதானே காரணம், கிருமியைக் கொல்லும் மாத்திரையை விழுங்கினால் போதாதா? நியாயமான கேள்வி. இதற்கான பதில் முந்நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அந்தோனி வான் லேவன்ஹூக். தானே தேய்த்துச் செய்த லென்சில் தன் பல் அழுக்கை வைத்துப் பார்த்து, அதில் உயிருள்ள சிற்றுயிர்கள் நெளிவதை 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தினமும் உப்பு வைத்துப் பல் தேய்ப்பவர் அவர். நம் பாட்டிமாருக்குப் பிடித்திருக்கும். வினிகர் அந்தச் சிற்றுயிர்களைக் கொல்வதைக் கண்ணாடிக்கு அடியில் பார்த்தவர், வினிகரால் வாயைக் கொப்பளித்துவிட்டுப் பல் அழுக்கை மறுபடி சுரண்டிப் பார்த்தார். உள்ளே உயிரோடுதான் இருந்தன. அழுக்கின் வெளிப்பக்கம் இருந்தவைதான் செத்தன, வினிகர் உள்ளே இறங்கவில்லை என்று அவரே காரணமும் எழுதினார்.

இன்று சொல்வதும் ஏறக்குறைய அதேதான். தனியாக மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தளவு, பிசினுக்குள் குடியிருக்கும் அதே பாக்டீரியாவை அசைக்காது. சில ஆய்வகச் சோதனைகளில் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்பட்டிருக்கிறது. பிசின் மருந்தைத் தடுக்கிறது. உள்ளே இருக்கும் கிருமிகள் மெதுவாக வளர்வதால், வளரும் கிருமியைத் தாக்கும் மருந்துக்கு வேலையில்லாமல் போகிறது. ஒன்று பெற்ற எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்தில் இருப்பதற்குக் கைமாற்றவும் செய்கிறது. மருந்துக்கடை மாத்திரையில் என் வீக்கம் வடிந்ததன் கதை இதுதான். சதைக்குள் புகுந்தவை செத்தன, வேரில் ஒட்டியவை அப்படியே இருந்தன.

ஆகவே கருவி கொண்டு படலத்தைக் கிழித்துக் காரையைப் பெயர்ப்பதுதான் சிகிச்சை. அப்புறம்தான் மாத்திரை பற்றிய பேச்சு. சுத்தம் செய்யாமல் மாத்திரை மட்டும் கொடுப்பதற்கு எந்த வழிகாட்டுதலிலும் இடமில்லை.

ஈறுக்கு இன்று அதிகம் பேசப்படும் மாத்திரை மெட்ரோநிடசோல். அது ஈறு நோய்க்கு வந்ததே ஒரு தற்செயல். பெண்களுக்கு வரும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றுக்காகப் பிரான்சில் உருவான மருந்து அது. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஈறு அழுகல் நோயும் இருந்தது. இரண்டும் சேர்ந்து குணமாகிவிட்டன. 1962இல் ஷின் என்ற பிரிட்டிஷ் பல் மருத்துவர் இதை லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாவை இந்த மருந்து கொல்லும் என்பது அந்த வழியாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இன்று வயிற்று அறுவை சிகிச்சை வரை அது பயன்படுவதற்குப் பின்னால் ஒருவருடைய ஈறு இருக்கிறது.

காற்றில்லாத இடம் என்றதும் ஆழமான ஈறுப் பைதான் நினைவுக்கு வரும். பையின் அடியில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே செழிக்கும் போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் போன்ற கிருமிகளுக்குள் நுழைந்த பிறகுதான் மெட்ரோநிடசோல் விழித்துக்கொண்டு அவற்றின் டிஎன்ஏவைச் சிதைக்கும். ஆக்சிஜன் உள்ள செல்லுக்குள் பெரும்பாலும் சும்மா இருந்துவிடும்.

ஆனால் ஒரு கிருமி இதற்கு முழுசாக மசியவில்லை. பெயர் நாக்கைச் சுளுக்கும்: அக்ரிகாட்டிபாக்டர் ஆக்டினோமைசிட்டம்காமிட்டன்ஸ். பல் மருத்துவர்களே ‘ஏ.ஏ.’ என்று சுருக்கிவிடுகிறார்கள், நாமும் அப்படியே. பதின்ம வயதில், பார்க்கச் சுத்தமாக இருக்கும் வாயில், முன்பற்களையும் முதல் கடைவாய்ப் பற்களையும் மட்டும் தேடிப்பிடித்து எலும்பைக் கரைக்கும் ஒரு நோய்வகையோடு அதற்கு நெருங்கிய தொடர்பு. கொஞ்சம் ஆக்சிஜன் இருந்தாலும் வாழும், ஈறுச் சதைக்குள்ளேயே போய் ஒளியும். சுரண்டி மட்டும் அதைத் துரத்த முடியவில்லை. 1989இல் ஆம்ஸ்டர்டாமில் வான் விங்கல்ஹாஃப் குழுவினர் மெட்ரோநிடசோலோடு அமாக்சிசிலினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்து ஏ.ஏ.வை வாயை விட்டே விரட்டின. அன்றிலிருந்து இந்த ஜோடிதான் ஈறு மருத்துவத்தின் முதன்மையான ஆன்டிபயாட்டிக். அதிகமான ஆய்வுகள் நடந்ததும் இதை வைத்துத்தான்.

வேறு வழிகளும் முயன்றார்கள். மருந்தை வயிற்று வழியாக அனுப்பாமல் பைக்குள்ளேயே வைத்துவிடுவது ஒன்று. டெட்ராசைக்கிளின் ஊறிய நூல், டாக்சிசைக்கிளின் ஜெல், மினோசைக்கிளின் துகள்கள், குளோர்ஹெக்சிடின் சிப் என்று வரிசையாக வந்தன. இதில் ஒரு சங்கடம், ஈறுப் பைக்குள் ஓயாமல் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு சராசரிப் பையில் மணிக்கு நாற்பது தடவை அந்த நீர் மாறிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்தை மெதுவாக விடுவிக்கும் வடிவம் இல்லாவிட்டால் வைத்தது நிற்காது. இன்னொரு வழி விசித்திரமானது. டாக்சிசைக்கிளினை 20 மில்லிகிராம் என்ற சின்ன அளவில் தினம் இரண்டு வேளை, மாதக்கணக்கில் கொடுப்பது. கிருமியைக் கொல்ல இது போதாது, கொல்வதும் நோக்கமில்லை. ஈறு நாரைக் கரைக்கும் நம் உடம்பின் நொதிகளை அது அடக்குகிறது. ஆன்டிபயாட்டிக்கை ஆன்டிபயாட்டிக்காகப் பயன்படுத்தாத வைத்தியம்.

சரி, பலன் எவ்வளவு?

2015இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 72 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டது. ஈறுக்கு அடியில் நன்றாகச் சுத்தம் செய்தால் மட்டும் பல்லின் பிடிமானம் சராசரியாக 0.5 மில்லிமீட்டர் கூடுகிறது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை சேர்த்தால் அதற்கு மேல் 0.35 மில்லிமீட்டர். குளோர்ஹெக்சிடின் சிப் வைத்தால் 0.40, மினோசைக்கிளின் துகள் 0.24. ஒரு விரல் நகத்தின் தடிமனை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். அளக்கும் கம்பியோ முழு மில்லிமீட்டருக்குத்தான் கோடு போட்டது. டாக்டர் கையை ஒரு இம்மி அழுத்தினாலே இந்த வித்தியாசம் வந்துவிடும்.

அப்படியானால் மாத்திரை வீண் என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். சராசரி எப்போதும் ஏமாற்றும். ஒருவர் வாயில் ஏறக்குறைய 28 பல், ஒவ்வொன்றிலும் ஆறு இடம், ஆக 168 இடங்கள். கடுமையான நோயாளிக்கும்கூட அதில் பெரும்பாலானவை 3, 4 என்றுதான் இருக்கும். அங்கே மருந்து செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆழமான இடங்களில் கிடைக்கும் பலனை இந்த ஆழமில்லாத இடங்களின் கூட்டம் நீர்த்துப்போகச் செய்துவிடுகிறது.

லண்டன் ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிலையத்தில் 2005இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வேகமாகப் பரவும் நோய் உள்ள 41 பேர். எல்லாருக்கும் சுத்தம் செய்து, பாதிப் பேருக்கு அமாக்சிசிலின்-மெட்ரோநிடசோல், மீதிப் பேருக்கு ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், 7 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்த பைகள் மாத்திரைக் குழுவில் கூடுதலாக 1.4 மில்லிமீட்டர் சுருங்கியிருந்தன. இது கம்பிக்குத் தெரியும் வித்தியாசம். ஒரு பல்லுக்கு அறுவை தேவையா இல்லையா என்பதையே சில நேரம் இது தீர்மானிக்கும்.

ஜெர்மனியில் எட்டு மையங்களில் நடந்த பெரிய ஆய்வு, 2015இல் வந்தது, வேறு மாதிரிப் பாடம் சொல்கிறது. இரண்டு வருடத்துக்கும் மேல் பின்தொடர்ந்து 406 பேரைக் கணக்கில் எடுத்தார்கள். இங்கே கேள்வி எவ்வளவு குணமாயிற்று என்பதில்லை, நோய் மேலும் எத்தனை இடங்களில் முன்னேறியது என்பது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 7.8 சதவீத இடங்களில், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கு 5.3 சதவீத இடங்களில். வித்தியாசம் நிஜம்தான், புள்ளிவிவரப்படி தற்செயல் இல்லை. ஆனால் மாத்திரை இல்லாமலே 90 சதவீதத்துக்கு மேல் இடங்களில் நோய் நின்றுவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எல்லாருக்கும் சுத்தம் செய்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பராமரித்ததுதான் அதற்குக் காரணம். ஆய்வுக்காரர்களும் நோய் முன்னேறாமல் தடுப்பதில் இரு குழுவின் சிகிச்சையும் பலன் தந்தது என்றுதான் எழுதினார்கள். பின்னால் அதே தரவைப் பிரித்துப் பார்த்தபோது, வயது 55க்குக் கீழே, வாய் முழுக்கப் பரவிய கடும் நோய் உள்ளவர்களுக்குத்தான் மாத்திரையின் பலன் தெளிவாகத் தெரிந்தது. மலையகத்தின் 8 சதவீதம் மறுபடி எட்டிப் பார்க்கிறது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2020இல் 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஒரு வருடத்துக்கு மேலும் பலன் நீடிக்கும் என்று சொல்லப் போதுமான உறுதியான சான்று இல்லை என்று கைவிரித்தது. அதே வருடம் ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் வழிகாட்டுதல் வந்தது. வழக்கமாக எல்லாருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுக்கக் கூடாது. இள வயதில் வாய் முழுக்கப் பரவிய மூன்றாம் கட்ட நோய் உள்ளவர்கள் போன்ற குறிப்பிட்ட சிலருக்கு யோசிக்கலாம் என்கிறது அது. டாக்டர் சொன்ன ‘உங்களுக்கு வேண்டாம்’ இந்த வரியின் தமிழாக்கம்தான். எனக்கு வயது ஐம்பத்தாறு. ஆழமான பைகள் ஒரே பல்லில். அதற்காக உடம்பு முழுக்க மருந்தை ஓடவிடுவதில் அர்த்தமில்லை.

கொடுப்பதாக இருந்தாலும் எப்போது என்பது முக்கியம். சுத்தம் செய்து முடித்த கையோடு, படலம் சிதறிக் கிடக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும். சுத்தத்தையும் வாரக்கணக்கில் இழுக்காமல் சில நாளுக்குள் முடித்துவிடுவார்கள். ஜெர்மன் ஆய்வில் மூன்று வேளை வீதம் ஏழு நாள் கொடுத்தார்கள். ஆய்வில் கொடுத்த அளவு உங்களுக்கான அளவு ஆகாது, அதை எழுதிக்கொடுக்க வேண்டியவர் டாக்டர்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத விஷயங்கள் சில உண்டு. ஈறில் சீழ் கட்டி, காய்ச்சலும் கன்ன வீக்கமும் பரவினால் அது அவசரம். அங்கே சீழை வெளியேற்றுவதோடு ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்களுக்குச் சுத்தம் செய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரே வேளை கொடுப்பது ரத்தத்தில் கலக்கும் கிருமி வால்வில் ஒட்டாமல் இருக்க. அதற்கும் ஈறு குணமாவதற்கும் சம்பந்தமில்லை. “எங்க மாமாவுக்குக் கொடுத்தாங்களே” என்று சண்டை போடுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள்.

0.35 மில்லிமீட்டர் கிடைத்தாலும் லாபம்தானே என்று கேட்கலாம். விலையைப் பார்க்க வேண்டும். மெட்ரோநிடசோல் சாப்பிடும் நாட்களில் வாயெல்லாம் இரும்புக் கசப்பு, சிலருக்குக் குமட்டல். குடித்தால் ஒத்துக்கொள்ளாது என்பதால் மதுவைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அதன் வேகத்தைக் கூட்டி ரத்தப்போக்கில் கொண்டுபோய் விட்டுவிடும். அமாக்சிசிலின் சிலருக்கு அலர்ஜி, அபூர்வமாக உயிருக்கே ஆபத்து. குடல் பாக்டீரியா குலைந்து வயிற்றுப்போக்கு வருவது சாதாரணம்.

இதெல்லாம் தனிமனிதக் கணக்கு. இன்னொரு கணக்கு எல்லாருக்கும் பொதுவானது. 2014இல் அமெரிக்காவில் ஈறு நோயாளிகள் 400 பேரின் கிருமிகளைச் சோதித்தார்கள். நான்கில் மூன்று பேரிடம், ஏதாவது ஓர் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமியாவது இருந்தது. அமாக்சிசிலின், மெட்ரோநிடசோல் இரண்டுக்கும் சேர்த்து அடங்காதவை 7 சதவீதத்துக்கும் குறைவான பேரிடம்தான் இருந்தன. இந்த ஜோடி இன்னும் வேலை செய்வதன் ரகசியம் அதுதான், அது எவ்வளவு நாளைக்கு என்பதுதான் கவலை. ஆன்டிபயாட்டிக்கைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் நெதர்லாந்தையும் தாராளமாக விழுங்கும் ஸ்பெயினையும் ஒப்பிட்டபோது, ஸ்பெயின்காரர்களின் ஈறுக் கிருமிகளிடம் எதிர்ப்பு கூடுதலாக இருந்தது. வாயில் இருப்பது வாயோடு நிற்பதில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் 2019இல் மட்டும் உலகம் முழுக்க 12.7 லட்சம் என்று ஒரு பெரிய மதிப்பீடு சொல்கிறது.

நம் ஊரில் இதைச் சொல்லும்போது கூச்சமாக இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புக்கு என்ன செய்யலாம் என்று நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடிப் பேசி 2012இல் வெளியிட்ட ஆவணத்துக்குப் பெயரே ‘சென்னைப் பிரகடனம்’. சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகளை விற்கக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. கத்தரிக்கோலும் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு விற்கும் ஒஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல் கலவை மாத்திரை பல் வலிக்கும் ஈறு வீக்கத்துக்கும் சர்வசாதாரணமாகக் கைமாறுகிறது. பல்லைச் சுத்தம் செய்தாலே எல்லாருக்கும் ஐந்து நாள் மாத்திரை எழுதும் பழக்கம் டாக்டர்களிடமும் உண்டு. முழுப் பழியையும் அவர்கள்மேல் போடவும் முடியாது. மாத்திரை கொடுக்காத டாக்டரிடம் அடுத்த தடவை நாம் போவதில்லை.

சுத்தம் செய்வதையோ நாம் நம்புவதே இல்லை. “கிளீன் பண்ணினா பல் ஆடும், சந்து விழும்” என்று வீட்டுக்கு வீடு ஒருவர் சொல்வார். இத்தனை வருடம் ஆடும் பல்லைச் சிமென்ட் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தது காரை. அதை எடுத்ததும் ஏற்கெனவே போன எலும்பும் ஏற்கெனவே விழுந்த சந்தும் கண்ணுக்குத் தெரிகின்றன. வீக்கம் வடிந்து ஈறு கெட்டிப்படும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும், பல் கூசும். இதைச் சுத்தம் செய்வதற்கு முன்பே ஐந்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லிவிட்டால், பாதி வதந்தி செத்துவிடும்.

மாத்திரையைவிடப் பெரிய வித்தியாசம் செய்பவை வேறு இரண்டு. ஒன்று புகை. புகைப்பவருக்கு ஈறு ரத்தம் கசிவதுகூடக் குறைந்துவிடும், அதனால் நோய் தெரியாது. சிகிச்சைக்குப் பிறகு ஆறுவதும் மெதுவாகத்தான். இன்னொன்று சர்க்கரை. கட்டுப்படாத சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும். ஈறுக்கு வைத்தியம் செய்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி சராசரியாக 0.4 புள்ளி இறங்குகிறது என்று திரட்டிய ஆய்வுகள் காட்டுகின்றன. நீரிழிவுக்காரர் என்பதாலேயே ஆன்டிபயாட்டிக் கட்டாயம் என்ற நினைப்புக்கு மட்டும் வலுவான ஆதாரம் இல்லை. சர்க்கரை டாக்டரிடம் போகும்போது ஈறைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. பெரும்பாலும் அவராகக் கேட்பதில்லை.

டிராயரில் கிடந்த இரண்டு மாத்திரைகளும் காலாவதியாகியிருந்தன. எடுத்துப் போட்டேன். பல் இடுக்குக்கென்று விற்கும் குட்டி பிரஷ் வாங்கிக்கொண்டேன். கடைவாய்ப் பல்லின் சந்தில் அதை நுழைக்கக் கை பழகவே பத்து நாள் ஆனது. முதல் வாரம் தினமும் ரத்தம், அப்புறம் நின்றது.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே நாற்காலி, அதே கம்பி.

“மூணு, ரெண்டு, மூணு. மூணு, ரெண்டு, மூணு. நாலு, மூணு…” என்று வந்தவர் கொஞ்சம் நிறுத்தி, கம்பியைச் சாய்த்து மறுபடி இறக்கினார். “ஆறு.”

மூன்றில் இரண்டு இறங்கிவிட்டன. ஒன்று அசையவில்லை. அந்தப் பல்லின் இரண்டு வேர்களும் பிரியும் கவட்டைப் பக்கம் அது இருப்பதால் கருவி சரியாக நுழையவில்லை என்று எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார்.

“இங்க மட்டும் இன்னொரு தடவை சுத்தம் பண்ணிடறேன். அதுக்கும் கேக்கலைன்னா ஈறைத் திறந்துதான் பாக்கணும். என்ன சொல்றீங்க?”

மாத்திரை பற்றி இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. ஊசிக்குத்தான் திறந்தேன்.